ஆள் இல்லாத வாக்கியம்

போன வாரம் என் பழைய அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஓர் அறிக்கை வரைவு வந்தது. 'அக்கா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க' என்று கீழே ஒரு வரி, கூடவே கைகூப்பும் படம். ரிட்டயர் ஆனவளுக்கு வேறு வேலை இருக்காது என்று இந்தப் பிள்ளைகள் முடிவே கட்டிவிட்டார்கள். எனக்கு நிறைய வேலை இருக்கிறது. காலையில் நடை, அப்புறம் பேப்பர், மத்தியானம் ஒரு நல்ல தூக்கம். இருந்தாலும் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டேன். பாழாய்ப்போன பழக்கம், விடமாட்டேன் என்கிறது.

மூன்று பக்கம். செல்போனில் ஏதோ ஒரு ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கியதாம். 'ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. குறைபாடுகள் கண்டறியப்பட்டன. உரிய அறிவுரைகள் வழங்கப்பட்டன. தொடர் நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.' தமிழில் ஒரு தப்பு கிடையாது, முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் மூன்று பக்கத்திலும் மருந்துக்குக்கூட ஒரு மனுஷன் இல்லை. யார் போனார், யார் கண்டுபிடித்தார், யாருக்கு யார் அறிவுரை சொன்னார், ஒன்றும் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆபீஸ் தமிழை ஒரு மெஷின் இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்ளும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கு அது கைவர வருஷக்கணக்கில் ஆயிற்று. கற்றுக்கொடுத்தவர் அமலதாஸ் சார்.

ராமநாதபுரம் கடற்கரையில் மீன்துறை அலுவலகம் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். நான் பரமக்குடிக்காரி. அங்கே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் ஹையர் பாஸ் பண்ணி, பரீட்சை எழுதி, தட்டச்சராக வேலைக்கு வந்தேன். கடலை அதற்கு முன் கோயிலுக்குப் போனபோது பார்த்ததோடு சரி. கொஞ்ச வருஷம் நாற்காலி நாற்காலியாக மாறி உட்கார்ந்தேன், மீனின் பெயர்கள் பாதி கற்றுக்கொண்டேன், வாடையும் கச்சானும் காற்றின் பெயர்கள் என்று தெரிந்துகொண்டேன். அப்புறம்தான் அமலதாஸ் சார் எங்களுக்கு உதவி இயக்குநராக வந்து சேர்ந்தார். ஏ.டி. சார் என்றுதான் ஊரே கூப்பிடும்.

தீவுக்காரர். அப்பா, சித்தப்பா எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். ஆள் வாட்டசாட்டம், தோளில் எப்போதும் மடித்துப்போட்ட ஒரு பூத்துவாலை, வாயில் ஒரு கிராம்பு. நாற்காலியில் உட்கார்ந்து அவர் ஒரு தாளைப் படித்து நான் பார்த்ததில்லை. எழுந்து ஜன்னலோரம் போய், தாளைக் கை நீட்டத்துக்குப் பிடித்து, கோயிலில் வாசகம் வாசிப்பதுபோல முழுசாகச் சத்தமாக வாசிப்பார். எங்காவது நாக்கு இடறினால் பென்சில் இறங்கும். எல்லாம் முடிந்த பிறகுதான் பச்சை மைக் கையெழுத்து.

முதல் நாள் நான் எழுதிக் கொடுத்த வரைவு, 'ஆய்வாளர் படகைப் பார்வையிட்டார், நான் உடன் சென்றேன்' என்று இருந்தது. சார் வாசித்துவிட்டு, கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"ராணிம்மா, இதென்ன பள்ளிக்கூடத்துச் சுற்றுலாக் கட்டுரையா? ஆளை எடு."

"எந்த ஆளை சார்?"

"எல்லா ஆளையும் எடு. 'படகு பார்வையிடப்பட்டது'ன்னு போடு. கவருமெண்டு பார்த்துச்சு, அம்புட்டுதான். நீ கூடப் போனதும் வந்ததும் யாருக்கு வேணும்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் படகில் ஏறி எனக்கு வாந்தியே வந்திருந்தது. கஷ்டப்பட்டவளை ஒரே கோட்டில் இல்லாமல் ஆக்கிவிட்டாரே என்று மத்தியானச் சோறுகூட இறங்கவில்லை. அதற்கப்புறம் தினமும் அதே பாட்டுதான். 'ஆளை எடு ராணிம்மா, ஆளை எடு.' எடுத்து எடுத்து எனக்கும் கை பழகிவிட்டது. வீட்டில் என் வீட்டுக்காரரிடமே 'சோறு வைக்கப்பட்டிருக்கு, சாப்பிடலாம்' என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த மனுஷர் ஏன் இப்படி 'பட்டது, பட்டது' என்று அடித்துக்கொள்கிறார் என்பது மரியபுஷ்பம் வந்த அன்றைக்குத்தான் விளங்கியது.

மரியபுஷ்பம் எங்கள் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். குரல் எடுத்தால் அடுத்த ஜெட்டிக்குக் கேட்கும். ஆனால் அன்றைக்கு மெல்லப் பேசினாள். அவள் புருஷன் எட்வின் கூலிக்கு விசைப்படகில் போகிறவர். அந்த வட்டாரத்தில் பெரிய முதலாளி ஒருவர் இரட்டைமடி போட்டு மீன் அள்ளிக்கொண்டிருந்தார். அது இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுப்பது. குஞ்சு, குருமான் ஒன்று மிஞ்சாது. அரசாங்கம் தடை போட்ட வலை.

"எங்க இருக்குன்னு நான் சொல்றேன் சார். ஆனா எம் பேரு வெளிய வந்துச்சு, எட்வினை ஒரு படகுலயும் ஏத்தமாட்டாக. அவுக எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு."

"வராது. போயிட்டு வாம்மா" என்றார் சார்.

நான் உட்கார்ந்து எழுதினேன். 'மரியபுஷ்பம் என்பவர் நேரில் ஆஜராகி அளித்த புகாரின்பேரில்' என்று அழகாக ஆரம்பித்திருந்தேன். சார் ஜன்னலோரம் போனார். முதல் வரியிலேயே நின்றார். அன்றைக்குத் திட்டவில்லை. பெயரின் மேல் பென்சிலால் திரும்பத் திரும்பக் கோடு போட்டு, எழுத்தே தெரியாதபடி ஆக்கினார்.

"ஆளை எடுத்துரு" என்றார், ரொம்ப மெதுவாக.

'புகார் பெறப்பட்டது. ஆய்வு செய்யப்பட்டது. தடை செய்யப்பட்ட வலை கைப்பற்றப்பட்டது.' அவ்வளவுதான் நோட்டீஸ். மறுநாள் முதலாளி தாளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கூட நாலு பேர்.

"யாரு சார் சொன்னது?"

"பெறப்பட்டதுன்னு போட்டிருக்குல்லண்ணே."

"அதான் யாருகிட்டயிருந்து?"

"கீழ வாசிங்க. ஆய்வு செய்யப்பட்டது."

"சார், நான் கேக்குறது..."

"அதுக்கும் கீழ வாசிங்க. கைப்பற்றப்பட்டது."

மூன்றாவது வரிக்குக் கீழே கையெழுத்துதான் இருந்தது. முதலாளி தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். கவுண்டரில் படகுகளுக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கிற காதர் மைதீன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவதுபோல நடித்துக்கொண்டிருந்தார். எட்வின் மறுநாளும் கடலுக்குப் போனார், அதற்கு அடுத்த நாளும் போனார். அன்றைக்கு நான் 'பட்டது'க்கு மனசார ஒரு கும்பிடு போட்டேன்.

ஆனால் எல்லா இடத்திலும் அது எடுபடாது. காற்று எச்சரிக்கை வந்தால் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்புச் செய்வோம். வாசகம் சார் வைத்ததுதான். 'மீனவப் பெருமக்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறார்கள்.' ஆட்டோ தெருத்தெருவாகப் போகும். டீக்கடையில் ஒருத்தரும் தலைநிமிர மாட்டார்கள். 'யாருப்பா சொல்றா?' என்று ஒருவர் கேட்பார். 'ஆட்டோக்காரன் சொல்றான்' என்று இன்னொருவர் பதில் சொல்வார். எழுந்து டோக்கன் வாங்க வந்துவிடுவார்கள்.

அவர்களுக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. நிஜமாகவே காற்று மோசமென்றால் சார் தானே ஜெட்டிக்கு வந்து நிற்பார். தோள் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, "ஏலே, நான் சொல்றேன், இன்னைக்குப் போகாதீக" என்பார். அப்படிச் சொன்னால் ஒரு படகு நகராது. அவர் வரவில்லை என்றால், ஆட்டோ என்ன கத்தினாலும் அது சும்மா கவர்மென்ட் சடங்கு. தலைப்பாகை தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வலையைத் தூக்குவார்கள். இது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் துறைமுகம் முழுக்க அப்படித்தான் நடந்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். வாடைக்காற்றுக் காலம். முந்தின வாரம் முழுக்கப் படகுகள் கரையில் கிடந்தன. அன்று காலையில் எச்சரிக்கைச் செய்தி வந்தது. அலுவலகத்துக்குள் மீனவர் சங்கத்து ஆட்கள் வந்து நின்றுகொண்டு டோக்கன் கேட்டுக் கெஞ்சினார்கள். சார் வெளியே போய் வானத்தைப் பார்த்தார், கொடிக்கம்பத்துத் துணி ஆடுவதைப் பார்த்தார், உள்ளே வந்தார்.

"வாடை ராத்திரிக்குத்தான் இறங்கும். பொழுது சாயுறதுக்குள்ள திரும்பிருவாக. குடுத்துரு காதரு" என்றார்.

காதர் மைதீன் எங்கள் ஆபீஸில் ஒப்பந்த ஊழியர். வளைகுடாவில் கொஞ்ச காலம் டிரைவராக இருந்துவிட்டு, முதுகுவலியோடு ஊருக்குத் திரும்பியவர். இரண்டு பெண் பிள்ளைகள். வருஷா வருஷம் ஒப்பந்தத்தை நீட்டித்தால்தான் வேலை. யாராவது மேலே இருந்து 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் கவுண்டருக்குப் பின்னால் வேறு ஆள். அவர் டோக்கனைக் கொடுத்தார். சட்டப்படி ஆட்டோவும் போனது. சார் ஜெட்டிக்குப் போகவில்லை.

காற்று ராத்திரிவரை காத்திருக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் திடீரென்று இறங்கியது. ஜன்னல் கதவுகள் படார் படாரென்று அடித்தன. சார் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஓடினார், ஆனால் அதற்குள் கடலில் இருந்தவர்களுக்கு அந்தத் தலைப்பாகையால் என்ன பயன்? அடித்துப் பிடித்து எல்லாப் படகும் வந்து சேர்ந்தன. ஒன்று வரவில்லை. அதில் எட்வின் இருந்தார்.

மரியபுஷ்பம் வந்தாள். தலை கலைந்து, கையில் மீன் செதிலோடு, நேராகக் கவுண்டருக்குப் போய்க் காதரின் சட்டையைப் பிடித்தாள்.

"யாருய்யா எம் புருசனை அனுப்புனது? நீதான டோக்கன் குடுத்த? சொல்லுய்யா, யாரு அனுப்புனது?"

காதர் அசையவில்லை. "அல்லாவே" என்று மட்டும் வாய் முனகியது. பின்னால் ஊரே நின்றது. சார் தன் அறையிலிருந்து வந்தார்.

"அவரை விடும்மா. குடுக்கச் சொன்னது நான்தான். நான்தான் அனுப்புனேன்."

அவள் கையை எடுத்தாள். சாரையே பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"அப்ப நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

"கூட்டிட்டு வாரேன்."

தேடப் போன படகில் சாரும் ஏறிப் போய்விட்டார். அன்றைக்கு வரவில்லை. மறுநாள் காலையிலேயே மேலிடத்திலிருந்து போன் மேல் போன். எச்சரிக்கைக்குப் பின் டோக்கன் கொடுத்தது எப்படி, உடனே அறிக்கை வேண்டும் என்று. நான் உட்கார்ந்து அடித்தேன். சார் பழக்கிய கைதானே, தானாக ஓடியது. 'எச்சரிக்கைச் செய்தி பெறப்பட்டது. ஒலிபெருக்கி மூலம் அறிவிப்புச் செய்யப்பட்டது. வானிலை கருத்தில் கொள்ளப்பட்டு டோக்கன் வழங்கப்பட்டது.' சார் மேல் ஒரு தூசி விழாது. எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

காதர் மேசைக்கருகில் வந்து நின்றார்.

"அக்கா, எம் பேரைப் போட்டிருக்கீங்களா?"

"இல்லப்பா, பயப்படாதே. உன் பேரும் இல்ல, யார் பேரும் இல்ல."

காதர் ஒரு மாதிரி சிரித்தார். "யார் பேரும் இல்லாட்டி எம் பேருதான்க்கா. டோக்கன் வழங்கப்பட்டதுன்னா, கவுண்டர்ல யாரு இருந்தான்னுதான கேப்பாக?"

சொல்லி வாயை மூடவில்லை, போன் அடித்தது. மேலிடத்துக் குரல், "அன்னைக்குக் கவுண்டர்ல யாருங்க டியூட்டி? ஒப்பந்த ஆளுதானே?" என்று கேட்டது. நான் ஏ.டி. சார் வந்ததும் பேசச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மரியபுஷ்பத்தைக் காப்பாற்றிய அதே வாக்கியம் இந்த மனுஷனைப் பலிகொடுக்கப் பார்த்தது.

மத்தியானம் வெளியே ஒரே இரைச்சல். படகு வந்துவிட்டது. என்ஜின் பழுதாகி, ஒரு மணல்திட்டை ஒட்டி நங்கூரம் போட்டுக் கிடந்திருக்கிறார்கள். காற்று தள்ளினால் அந்தப் பக்கம்தான் ஒதுங்கும் என்று சார்தான் அடம்பிடித்துத் தேடச் சொன்னாராம். நாலு பேரும் உயிரோடு. மரியபுஷ்பம் எட்வினைக் கட்டிக்கொண்டு அழுதாள், உடனே முதுகில் இரண்டு போட்டாள், மறுபடி அழுதாள். நானும் அழுதேன். பரமக்குடிக்காரிக்கும் கடல்தண்ணீர் கண்ணில் வரும்.

சார் உள்ளே வந்தார். சட்டையெல்லாம் உப்பு பூத்திருந்தது. அறிக்கையை நீட்டினேன். வழக்கம்போல ஜன்னலோரம் போய் வாசித்தார். குரல் கம்மியிருந்தது. 'டோக்கன் வழங்கப்பட்டது' என்ற இடத்தில் நின்றார். திரும்ப ஒருமுறை வாசித்தார். நான் காதர் சொன்னதையும் போன் வந்ததையும் சொன்னேன்.

"ஆளைப் போடு ராணிம்மா" என்றார்.

"சார்?"

"மரியபுஷ்பம் மூஞ்சிக்கு நேரா நான்னு சொல்லிட்டு, தாள்ல 'பட்டது'ன்னு சொல்லுவனா? எழுது. எச்சரிக்கையை நான் வாசித்தேன். காற்று இரவில்தான் வரும் என்று நான் கணித்தேன். அது தவறு. டோக்கன் கொடுக்கும்படி நான் உத்தரவிட்டேன். காதர் மைதீன் என் உத்தரவை நிறைவேற்றினார்."

"சார், மெமோ வரும் சார். பென்ஷன்ல கைவைப்பாங்க."

"வரட்டும். எனக்குன்னா விசாரணை, விளக்கம்னு இழுக்கும், ஆளு இருப்பேன். அவனை ஒரே வரியில தூக்கிருவாக. அடி."

அடித்தேன். அந்த ஆபீஸில் நான் 'நான்' என்று அடித்த முதல் அறிக்கை அதுதான். கடைசிப் பத்தியை நானாகவே சேர்த்தேன். 'உதவி இயக்குநர் நேரில் கடலுக்குச் சென்று படகைக் கண்டுபிடித்து நால்வரையும் மீட்டு வந்தார்.' இதாவது அவருக்குக் கொஞ்சம் கை கொடுக்கட்டுமே என்று.

சார் வாசித்தார். பென்சில் இறங்கியது.

"இதுல ஆளை எடு."

"சார், இது உண்மைதானே சார்!"

"உண்மைதான். எடு." அவரே எழுதினார்: 'படகு மீட்கப்பட்டது.'

நான் அவரோடு சண்டையே போட்டேன். தப்புக்கு மட்டும் பெயர் வேண்டும், நல்லதுக்கு வேண்டாமா, இது என்ன நியாயம் என்று கத்தினேன். அவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாயில் ஒரு புதுக் கிராம்பைப் போட்டுக்கொண்டு, குளிக்கப் போய்விட்டார்.

காதருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே இருந்தவர்களுக்குத்தான் ஆகிவிட்டது. 'நான்' என்று ஓர் அறிக்கை வந்ததும் எந்த ஃபைலில் வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நாள் திணறியிருக்கிறார்கள். விசாரணை நடந்தது. கடைசியில் சாருக்கு மாற்றல் வந்தது, கடலையே கண்ணால் பார்க்க முடியாத ஓர் உள்நாட்டு ஊருக்கு, கண்மாய் மீன் வளர்ப்பைக் கவனிக்க. தீவில் பிறந்த மனுஷருக்கு அதைவிடத் தண்டனை என்ன இருக்கிறது?

அந்த ஆணையையும் ஜன்னலோரம் நின்றுதான் வாசித்தார். 'நிர்வாக நலன் கருதி மாற்றம் செய்யப்படுகிறார்.' வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "நல்லா எழுதிருக்கான் பாரு. ஆளே இல்ல. நான் பழக்குன பயலாத்தான் இருப்பான்." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாட்ஸ்அப் அனுப்பிய பிள்ளைக்கு இதையெல்லாம் எப்படி எழுதுவது? 'பட்டது' அதிகம் என்று நான் முதலில் சொன்னதற்கு, 'எங்கே பட்டது போடணும் அக்கா, எங்கே போடக்கூடாது?' என்று கேட்டிருந்தது. எவர் பெயரைச் சொன்னால் அவருக்கு அடி விழுமோ, அங்கே 'பட்டது' போடு. பெயரைச் சொல்லாவிட்டால் வேறு எவருக்காவது அடி விழும் என்றால் போடாதே. ஆய்வுக்கு நீ போயிருந்தால் உன்னைப் போடு என்று பதில் அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று வந்தது. புரிந்ததோ என்னவோ.

சார் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் அலுவலகமே நின்றது. காதர் அவர் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை, பிள்ளையை வைத்திருப்பதுபோல மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். மரியபுஷ்பம் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டோடு வந்து சேர்ந்தாள்.

"அங்கன கெண்டையும் கெளுத்தியும்தான் கிடைக்குமாமே சார். வச்சுக்கங்க. ஆமா, உங்களை யாரு அங்கன அனுப்புறது?"

"எழுதலம்மா."

"எம் புருசனை அனுப்புனது யாருன்னு நீங்க எழுதுனீகளாமே, காதரு அண்ணன் சொன்னாக."

சார் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "அதை மட்டும் எழுதினார்மா. கூட்டிட்டு வந்தது யாருன்னு எழுத வேண்டாம்னுட்டார். மீட்கப்பட்டதுன்னு போட்டுட்டார்" என்று போட்டுடைத்தேன்.

மரியபுஷ்பம் சாரை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் கருவாட்டுப் பொட்டலத்தை அவர் துண்டின் முனையில் வைத்து, அவிழாதபடி இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள்.

"எழுதாட்டிப் போகுது" என்றாள். "எங்க வீட்டுல தெரியும்."